மென்பொருள் சிந்தசைசருக்கு மிடி கீபோர்டு வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை வாங்கினால் சத்தம் வருமா?

வராது. மிடி என்பது வாத்தியமும் கணினியும் சேதி பரிமாறும் முறை. மிடி கீபோர்டுக்குள் (மிடி கன்ட்ரோலர் என்றும் சொல்வார்கள்) ஒலி எதுவும் கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது கையை எடுத்தீர்கள் என்ற சேதியை மட்டும் கணினிக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஒலியை உண்டாக்குவது வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் (Dexed), டிவா, சீரம் மாதிரி கணினிக்குள் ஓடும் சிந்தசைசர் மென்பொருள். அதனால் விலை கூடிய கன்ட்ரோலர் வாங்கினால் ஒலி நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாசிப்பு வேண்டுமானால் நன்றாகும்.

கடைசியில் எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

கட்டைகளைப் பார்த்து. குமிழ், ஸ்லைடர், பேட் (விரலால் தட்டும் சதுரம்), திரை இதெல்லாம் பிறகு தனிப் பெட்டியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவரை மவுஸை வைத்தே ஓட்டலாம். கட்டை விரலுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்ய எந்த மென்பொருளும் இல்லை. விளம்பரத்தில் 16 பேட், 9 ஸ்லைடர், கலர் விளக்கு என்று பட்டியல் நீளமாக இருக்கும், கட்டையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். நீங்கள் தினமும் தொடப்போவது அந்த ஒரு வரியைத்தான். முடிந்தால் நேரில் போய் கையை வைத்துப் பாருங்கள். மெதுவாக ஒரு சுரம், அழுத்தி ஒரு சுரம், அப்புறம் ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப. மெதுவாக அழுத்தும்போது சேதி போகாமல் விடுகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா, கறுப்புக் கட்டையின் உள்பக்கத்தில் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறதா, இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

எத்தனை கட்டை வேண்டும்?

25, 32, 37, 49, 61, 76, 88 என்று கிடைக்கும். 25 என்றால் இரண்டு ஆக்டேவும் (ஸ்தாயி) மேலே ஒரு சுரமும், 49 என்றால் நான்கு, 61 என்றால் ஐந்து. எல்லாவற்றிலும் ஆக்டேவ் மாற்றும் பொத்தான் இருக்கும் என்பதால் 25 கட்டையிலும் எந்த சுரத்தையும் எட்டலாம். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வைக்கத்தான் முடியாது.

எத்தனை என்பதை நீங்கள் வாசிக்கப்போகும் ஒலிதான் தீர்மானிக்கும். பேஸ், லீட் (மெலடியை எடுத்து வாசிக்கும் ஒலி) மாதிரி ஒரு சமயத்தில் ஒரு சுரம் மட்டும் வரும் ஒலிகள் என்றால் 25 அல்லது 37 போதும், 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரிலேயே 44 கட்டைதான். பேட் ஒலிகள் (பின்னணியில் நீண்டு நிற்கும் மென்மையான ஒலிகள்), இரண்டு கையால் பிடிக்கும் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது), இடது கையில் பேஸ் வலது கையில் மெலடி என்று போனால் 49க்குக் குறைய வேண்டாம். ப்ராஃபெட்-5, ஜூப்பிட்டர்-8 இரண்டும் 61 கட்டை, அந்தக் காலத்து ஒலிகளின் மென்பொருள் நகல்களை வாசிக்க 61 அதனாலேயே சரியாகப் பொருந்தும். ஆர்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வயலினை வில்லால் வாசிப்பதா விரலால் மீட்டுவதா என்று மாற்றும் கீ-ஸ்விட்சுகள் பெரும்பாலும் கீழ் ஆக்டேவில் உட்கார்ந்திருக்கும், சின்ன கீபோர்டில் அதைத் தொட ஒவ்வொரு முறையும் ஆக்டேவ் பொத்தானைத் தேட வேண்டும், நடு வாசிப்பில் அது நடக்காத காரியம்.

பியானோ ஒலி முக்கியம் என்றால் 88. மற்றபடி வெறும் சிந்தசைசருக்கு 88 வாங்க நான் சொல்ல மாட்டேன். 1.2 மீட்டருக்கு மேல் மேசையை அது பிடித்துக்கொள்ளும், அதற்கு இடம் விட்டு மானிட்டரையும் டைப் அடிக்கும் கீபோர்டையும் எங்கேயோ தள்ளி வைத்தால் வாசிக்க உட்காருவதே குறைந்துபோகும்.

மினி கட்டை பரவாயில்லையா?

பையில் போட்டுக்கொண்டு போகத்தான் வாங்குகிறேன் என்றால் தாராளமாக. அகாய் எம்பிகே மினி, ஆர்ட்டூரியா மினிலேப், நொவேஷன் லாஞ்ச்கீ மினி எல்லாம் அந்த வகைதான். முழு அளவுக் கட்டையில் ஒரு ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர், கை அந்த அகலத்தைத்தான் மனப்பாடம் செய்கிறது. மினி கட்டையில் மட்டும் பழகியவர் பெரிய கட்டைக்குப் போகும்போது தாவல்கள் எல்லாம் தப்பும். ஏற்கெனவே பியானோ பழகியவருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, புதிதாகக் கற்பவர் முழு அளவிலேயே தொடங்குவது நல்லது.

சிந்த் ஆக்‌ஷன், செமி வெயிட்டட், ஹேமர் ஆக்‌ஷன்: என்ன வித்தியாசம்?

சிந்த் ஆக்‌ஷன் என்பது வெறும் ஸ்பிரிங். லேசாக இருக்கும், விட்டவுடன் எம்பி வரும், வேகமான லீட், ஆர்ப்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), ஆர்கன் வாசிப்புக்கு இதுதான் சுகம். செமி வெயிட்டட் என்பது ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடையும் சேர்த்தது. ஹேமர் ஆக்‌ஷனில் ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் ஒரு சின்ன சுத்தியல் அசையும், பியானோ மாதிரி கனமாக இருக்கும், பல மாடல்களில் கீழ்ச் சுரங்கள் இன்னும் கனமாகவும் மேலே போகப்போக லேசாகவும் அமைத்திருப்பார்கள்.

கனமானதுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ஹேமர் ஆக்‌ஷனில் ஒரு சிந்த் லீடை வேகமாக வாசித்துப் பார்த்தால் தெரியும், கட்டை திரும்பி வருவதற்குள் அடுத்த சுரத்தின் நேரம் போய்விடும். ஆர்கனில் உள்ளங்கையால் சரட்டென்று இழுக்கும் வித்தைக்கோ ஹேமர் கட்டையின் விளிம்பு கையைக் கிழித்துவிடும், ஹாமண்ட் ஆர்கன்களில் முன்விளிம்பு வழவழப்பாக வளைந்து இறங்குவது அதற்கு வசதியாக இருக்கும். அதேபோல் ஸ்பிரிங் கட்டையில் பியானோ வாசித்தால் மெல்லிய சுரங்களைக் கட்டுப்படுத்தவே முடியாது, எல்லாம் ஒரேயடியாக உரக்க வரும். இரண்டும் வேண்டும் என்பவருக்கு நல்ல செமி வெயிட்டட்தான் நடுவழி. ஆனால் இந்தச் சொல்லுக்கு உறுதியான அளவுகோல் எதுவும் இல்லை, ஒரு நிறுவனம் செமி வெயிட்டட் என்று எழுதியிருப்பது இன்னொரு நிறுவனத்தின் சிந்த் ஆக்‌ஷனைவிட மோசமாக இருக்கலாம். இத்தாலியின் ஃபட்டார் நிறுவனம் பல பிராண்டுகளுக்குக் கட்டை செய்து கொடுக்கிறது, விவரக்குறிப்பில் அந்தப் பெயர் இருந்தால் அது ஒரு நல்ல அறிகுறி.

வெலாசிட்டி (அழுத்தும் வேகத்தை உணர்வது) எல்லாவற்றிலும் உண்டுதானே?

இப்போது வருபவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் இரண்டு தொடர்பு இடங்கள் இருக்கும், முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் நடுவிலான நேரத்தை அளந்து 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக அனுப்பும். அதாவது அளப்பது வேகத்தை, பலத்தை அளப்பதில்லை. பியானோ வாசிப்பவர்களுக்கான சில ஹேமர் கீபோர்டுகளில் மூன்று சென்சார் இருக்கும், கட்டை முழுக்க மேலே வராமலே அதே சுரத்தை மறுபடி அடிக்க அது உதவும்.

இது எவ்வளவு முக்கியம் என்பது சிந்தசைசரைப் பொறுத்தது. முதல் மினிமூக், ப்ராஃபெட்-5, ஜூப்பிட்டர்-8 எதிலும் வெலாசிட்டியே இல்லை, அந்த மாதிரி ஒலிகளுக்கு சாதாரண கட்டையும் தாங்கும். எஃப்எம் சிந்தசைசர் (ஓர் அலையால் இன்னொரு அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி உண்டாக்குவது) அப்படிக் கிடையாது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் நகலான டெக்ஸ்ட் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஒரு எலெக்ட்ரிக் பியானோ ஒலியை வைத்து மெதுவாகவும் வேகமாகவும் அடித்துப் பாருங்கள். சத்தத்தோடு ஒலியின் நிறமும் மாறும், வேகமாக அடித்தால் மணி மாதிரி ஒரு கூர்மை வரும். கட்டை மோசமாக இருந்தால் அந்த நடுப்பட்ட நிறங்கள் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

வாங்கியதும் செய்ய வேண்டியது வெலாசிட்டி கர்வைச் (அழுத்தும் வேகத்தை எந்த எண்ணாக மாற்றுவது என்ற செட்டிங்) சரிசெய்வது. நீங்கள் இயல்பாக வாசிக்கும்போது எண்கள் 60க்கும் 100க்கும் நடுவில் உலாவினால் சரி. எப்போதும் 110க்கு மேலே போனால் கர்வைக் கடினமாக்குங்கள், 40ஐத் தாண்டவே இல்லை என்றால் லேசாக்குங்கள். கீபோர்டை வாங்கிய நாளிலேயே திருப்பிக் கொடுக்க நினைக்கிறவர்களில் பலருக்கு இந்த ஒரு செட்டிங்கை மாற்றினாலே போதும்.

ஆஃப்டர்டச் அவசியமா?

கட்டையை அழுத்திப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம் அமுக்கினால் ஃபில்டர் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) திறப்பது, வைப்ரேட்டோ (சுருதியின் அசைவு) வருவது, அதுதான் ஆஃப்டர்டச். இடது கை வேறு வேலையில் இருக்கும்போது இடப்பக்கத்துச் சக்கரமான வீலைத் தொடாமலே ஒலியை உயிர்ப்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை, நீளமான பேட் ஒலிகளும் லீடும் வாசிப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது இது இருப்பதை வாங்கலாம். பெரும்பாலானவற்றில் இருப்பது சேனல் ஆஃப்டர்டச், ஒரு விரல் அமுக்கினாலும் கார்டு முழுவதும் மாறும். பாலிஃபோனிக் என்றால் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி. முன்பு அபூர்வம், இப்போது நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கன்ட்ரோல் எஸ் வரிசையின் மூன்றாம் தலைமுறையில் உண்டு. விலை குறைந்த கீபோர்டுகளில் ஆஃப்டர்டச் வேண்டுமென்றே விடப்படும், அப்போது மாடுலேஷன் வீலும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலும் பாதி வேலையைச் செய்துவிடும்.

எம்பிஇ என்கிறார்களே?

சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் (சுரத்தை மேலோ கீழோ வளைப்பது) சேனல் முழுவதற்கும் பொது, ஒரு சுரத்தை மட்டும் வளைக்க முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சேனல் கொடுத்து அதைத் தனியாக வளைக்கவும் அமுக்கவும் வழி செய்வதுதான் எம்பிஇ, 2018இல் தரநிலையானது. ரோலி சீபோர்டு, லின்ஸ்ட்ருமென்ட், ஆஸ்மோஸ் இந்த வகை. வைட்டலும் சர்ஜ் எக்ஸ்டியும் இலவசமாகவே எம்பிஇயை ஏற்கும். அழகான விஷயம்தான், ஆனால் இது ஒரு புதிய வாத்தியத்தைக் கற்பது. முதல் கீபோர்டாக வாங்க வேண்டாம்.

குமிழ்கள் எத்தனை இருந்தால் நல்லது?

எட்டு போதும் என்பது என் கருத்து. ஃபில்டர் கட்ஆஃப் (ஒலியை எங்கே வெட்டுவது), ரெசொனன்ஸ் (வெட்டும் இடத்தை எடுப்பாக்குவது), அட்டாக் (ஒலி எழும் நேரம்), ரிலீஸ் (கையெடுத்தபின் அடங்கும் நேரம்), எல்எஃப்ஓ (ஒலியைத் திரும்பத் திரும்ப அசைக்கும் மெதுவான அலை) வேகம், எல்எஃப்ஓ அளவு, ரிவர்ப், டிலே. வாசிக்கும்போது நிஜமாகவே கை போகும் இடங்கள் இவைதான், மீதியை ஒலி உருவாக்கும்போது மவுஸால் செய்வது இன்னும் துல்லியம். ஆர்கன் மென்பொருள் வாசிப்பவர்கள் மட்டும் ஒன்பது ஸ்லைடர் உள்ளதைத் தேடுங்கள், ஹாமண்ட் ஆர்கனின் டிராபார் (இழுத்து ஒலியைக் கலக்கும் கம்பி) ஒன்பது.

எண்ணிக்கையைவிட வகை முக்கியம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மட்டும் திரும்பும் சாதாரணக் குமிழில் ஒரு தொல்லை உண்டு: நீங்கள் வேறு ஒலிக்கு மாறியதும் மென்பொருளில் கட்ஆஃப் ஓரிடத்திலும் கையிலுள்ள குமிழ் வேறிடத்திலும் இருக்கும், தொட்டவுடன் மதிப்பு ஒரே தாவாகத் தாவும், கேட்பவர் காதில் அது அறை மாதிரி விழும். இதற்கு பிக்அப் என்ற வசதி இருக்கிறதா பாருங்கள், குமிழ் அந்த மதிப்பைக் கடந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். முடிவில்லாமல் சுற்றும் என்கோடர் என்றால் இந்தத் தொல்லையே வராது, ஆனால் அது ரிலேட்டிவ் முறையில் (எவ்வளவு திரும்பியது என்று மட்டும்) சேதி அனுப்ப வேண்டும், மென்பொருளும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, சாதாரண மிடி கன்ட்ரோல் சேதியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ரெசொனன்ஸை ஏற்றிவிட்டு கட்ஆஃபை மெல்லத் திருப்பும்போது படிக்கட்டு மாதிரி சுரண்டல் கேட்டால் கன்ட்ரோலர் பழுது என்று நினைக்க வேண்டாம். நல்ல சிந்தசைசர்கள் நடுவில் மிருதுவாக்கிக்கொள்ளும். பிட்ச் பெண்டுக்கு மட்டும் தரநிலையிலேயே 16,384 படிகள் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே கருவியாக வாங்கலாமா, கீபோர்டும் குமிழ்ப் பெட்டியும் தனித்தனியாகவா?

பணம் அளவாக இருந்தால் தனித்தனி. நல்ல கட்டையுள்ள, வேறு ஒன்றுமே இல்லாத கீபோர்டை இப்போது வாங்குங்கள். பிறகு தேவைப்பட்டால் கோர்க் நானோகன்ட்ரோல்2 போல எட்டு குமிழ், எட்டு ஸ்லைடர் உள்ள சின்னப் பெட்டியோ, 16 என்கோடர் உள்ள மிடி ஃபைட்டர் ட்விஸ்டரோ சேர்க்கலாம். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். மேடையில் வாசிப்பவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்களுக்குக் கேபிள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பேட் வேண்டுமா?

டிரம்ஸை விரலால் தட்டி வாசிப்பவர் என்றால் வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

"எங்கள் மென்பொருளோடு தானாகவே இணையும்" என்று எழுதியிருக்கிறதே?

உண்மைதான், எந்த மென்பொருளோடு என்பதைக் கவனியுங்கள். ஆர்ட்டூரியாவின் கீலேப் கீபோர்டு அவர்களுடைய அனலாக் லேப் மென்பொருளோடு பிரமாதமாகப் பேசும், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கன்ட்ரோல் வரிசை அவர்களுடைய என்கேஎஸ் முறையை ஆதரிக்கும் சிந்தசைசர்களின் பெயர்களைத் திரையிலேயே காட்டும், லாஞ்ச்கீ ஏபில்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருளுக்கென்று வடிவமைத்தது. நீங்கள் அதே மென்பொருளைப் பயன்படுத்துபவர் என்றால் நேரம் மிச்சமாகும். வேறு மென்பொருள் என்றால் இந்த வசதிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வீண். எப்படியும் மிடி லேர்ன் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு: திரையிலுள்ள குமிழின் மேல் ரைட் கிளிக் செய்து, கையிலுள்ளதைத் திருப்பினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிட வேலை, ஒரு தடவை செய்து சேமித்துவிட்டால் போதும்.

வீலா, ஜாய்ஸ்டிக்கா, டச் ஸ்ட்ரிப்பா?

வீல். மாடுலேஷன் வீல் விட்ட இடத்திலேயே நிற்கும், அந்த ஒரு குணம் எவ்வளவு தேவை என்பது ஆர்கெஸ்ட்ரா தந்தி ஒலிகளை வாசிக்கும்போது தெரியும். அவற்றில் பல, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை சிசி 1இல்தான் (மாடுலேஷன் வீல் அனுப்பும் சேதி) வைத்திருக்கும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் கையை எடுத்தவுடன் பூஜ்யத்துக்குத் திரும்பும், வயலின்கள் எல்லாம் அப்படியே அடங்கிப்போகும்.

பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. சஸ்டெய்ன் பெடலில் (சுரத்தை நீட்டிப் பிடிப்பது) இரண்டு துருவங்கள் உண்டு, மிதித்தால் சுற்று மூடுவது ஒன்று, மிதித்தால் திறப்பது இன்னொன்று. பெடலை மிதிக்காமல் செருகிவிட்டு அப்புறம் கீபோர்டை ஆன் செய்யுங்கள், பல கீபோர்டுகள் அப்போதுதான் துருவத்தைக் கண்டுபிடிக்கும். அல்லது பெடலின் அடியில் சின்ன ஸ்விட்ச் இருக்கும். மிகச் சின்ன கீபோர்டுகள் சிலவற்றில் பெடல் துளையே இருக்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தியபிறகு தாமதமாகச் சத்தம் வருகிறது. நல்ல கீபோர்டு வாங்கினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. 1983இல் வந்த பழைய ஐந்து முள் மிடியிலேயே ஒரு சுரத்தின் சேதி போக சுமார் 1 மில்லிசெகண்ட்தான் ஆகும். தாமதம் வருவது கணினியின் ஆடியோ பஃபரில் (ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்). 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 512 என்றால் 11.6 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9, இது போக ஆடியோ கருவியும் கொஞ்சம் சேர்க்கும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் போட்டு, பஃபரை 128க்கோ 256க்கோ இறக்குங்கள், பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள், அதில் கேட்டுக்கொண்டு வாசிக்கவே முடியாது. புளூடூத் மிடி கீபோர்டு அந்த அளவுக்கு மோசமில்லை, இருந்தாலும் பதிவு செய்யும்போது யூஎஸ்பி கேபிள்தான்.

வீட்டில் பழைய டிஜிட்டல் பியானோ இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பின்னால் யூஎஸ்பி-டு-ஹோஸ்ட் துளை இருந்தால், அல்லது ஐந்து முள் மிடி அவுட்டும் ஒரு யூஎஸ்பி மிடி கேபிளும் இருந்தால், இன்றே தொடங்கலாம். அதன் செட்டிங்கில் லோக்கல் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் அதன் சொந்த ஒலியும் மென்பொருள் ஒலியும் சேர்ந்து கேட்கும். பிட்ச் வீலும் குமிழும் இருக்காது, அதற்குத்தான் மேலே சொன்ன சின்னப் பெட்டி.

டிரைவர், போன், டேப்லெட் எல்லாம்?

கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். யூஎஸ்பி மிடிக்கான பொதுத் தரநிலை 1999இலிருந்து இருக்கிறது, அதன்படி செய்த கருவி விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபேட், ஆண்ட்ராய்டு எதிலும் தனி டிரைவர் இல்லாமல் ஓடும். நிறுவனத்தின் தனி டிரைவரை நம்பி ஓடும் கருவி, அந்த நிறுவனம் புதுப்பிப்பதை நிறுத்திய அன்றே பரணுக்குப் போகும். போனில் செருகும்போது மின்சாரம் போதவில்லை என்று சேதி வந்தால் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வைக்க வேண்டும். கணினி கீபோர்டையே காணவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் நிறைய உலாவுகின்றன. விண்டோஸில் இன்னொரு காரணமும் உண்டு: வேறொரு மென்பொருள் ஏற்கெனவே அந்தக் கருவியைப் பிடித்துவைத்திருக்கலாம், அதை மூடிவிட்டுப் பாருங்கள்.

மிடி 2.0 வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2020இல் வெளியான தரநிலை அது, படிகள் எல்லாம் பல மடங்கு நுணுக்கம். ஆனால் பழைய மிடியோடு ஒத்துப்போகும்படிதான் செய்திருக்கிறார்கள், இப்போது வாங்குவது எதுவும் வீணாகாது. காத்திருக்க வேண்டாம்.

பழையது வாங்கினால் எதைச் சோதிப்பது?

லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ் மாதிரி, வரும் சேதிகளை வரிசையாகக் காட்டும் ஒரு மென்பொருளைத் திறந்துவைத்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை அழுத்துங்கள். பக்கத்துக் கட்டைகள் 50 காட்டும்போது ஒன்று மட்டும் 127 காட்டினால் அதன் தொடர்பு ரப்பரில் தூசி அல்லது தேய்மானம். பிரித்துத் துடைத்தால் பல சமயம் சரியாகும், விலையைக் குறைக்கவும் அது ஒரு காரணம். அப்புறம் எதையும் தொடாமல் சும்மா ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள். குமிழ் ஏதாவது தானாகவே எண்களைக் கொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. பிட்ச் வீலை இழுத்து விட்டால் சரியாக நடுவுக்கு, அதாவது மென்பொருள் காட்டும் முறையைப் பொறுத்து 0க்கோ 8192க்கோ, திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வாசிப்பதெல்லாம் சுருதி விலகியே ஒலிக்கும். கடைசியாக யூஎஸ்பி துளையில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அதை வாங்காதீர்கள்.